சிக்காகோ நகரும் செஸ்புரோவின் பணியும்

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோருட் பலர் அவற்றின் கோட்டைகளையும் கோயில்களையும் மாளிகைகளையும் விரித்துரைத்தனர். அந்நகரங்களில் வாழ்ந்த மக்கள் எந்த நீரைப் பருகினர், அவர்தம் கழிவுகள் எவ்வழியாற் சென்றன என்பவற்றை அவர்கள் அத்துணை விரிவாக ஆராய்ந்தாரல்லர். மொகஞ்சதாரோவின் செங்கல் வடிகால்களையும் உரோமாபுரியின் பெருஞ் சாக்கடையையும் இன்றும் காணலாம். ஆயினும் அவற்றை நாள்தோறும் பேணியோர் யாவர் என்பதை எந்த ஏடும் கூறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கைத்தொழிற் புரட்சியின் விளைவாக நகரங்கள் விரைந்து பெருத்தபோது, இந்நிலை மாறலாயிற்று. நகரசபையின் ஊதியம் பெற்று, வீதி, வடிகால், குடிநீர், பாலம் ஆகியவற்றைத் தம் பொறுப்பிற் கொண்டு, தாம் செய்தவற்றையும் செய்ய எண்ணியவற்றையும் அறிக்கைகளாக எழுதிவைத்த நகரப் பொறியியலாளர் என்னும் புதிய பதவியினர் தோன்றினர்.

அவருள் ஒருவர், ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே 1855ஆம் ஆண்டு தொடக்கம் 1879ஆம் ஆண்டு வரை பணியாற்றிய எல்லிஸ் சில்வெஸ்ரர் செஸ்புரோ ஆவர். நகரைச் சேற்றிலிருந்து தூக்கி நிறுத்தியவர் என அவரைப் போற்றுவாரும் உளர். மக்கள் குடிக்கும் ஏரியிலேயே அவர்தம் கழிநீரையும் விட்டவர் எனக் குறை கூறுவாரும் உளர். இவ்விரு கூற்றுக்களும் உண்மையே. ஒருவரது பணிக்கு இரண்டும் எங்ஙனம் ஒருங்கே பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செஸ்புரோவின் பணியை விளங்கிக்கொள்வதற்கு முதலில் அந்நகரின் நிலவியல்பை அறிதல் வேண்டும். மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையிலே, ஒரு சிற்றாறு ஏரியிற் கலக்குமிடத்தில் சிக்காகோ அமைந்துள்ளது. வடக்கிலிருந்து ஒன்றும் தெற்கிலிருந்து ஒன்றுமாக வரும் இரு கிளைகள் நகரின் நடுவே கூடிக் கிழக்கு நோக்கிச் சென்று ஏரியை அடைந்தன. நிலமோ ஏரியின் நீர்மட்டத்தினின்றும் சில அடிகளே உயர்ந்த சமதரை. மேல்மண்ணின் கீழ் நீரை உட்கொள்ளாத களிமண் இருந்தது. ஆதலால், மழைநீர் நிலத்துள் இறங்கவும் வகையில்லை. சரிவு இன்மையால் ஓடவும் வகையில்லை. இளவேனிற் காலத்தில் வீதிகள் யாவும் சேறாகக் கிடந்தன. வண்டிகள் அச்சுவரை புதைந்தன. பலகைகளைப் பரப்பி வீதி அமைத்துப் பார்த்தனர். பலகைகளின் அடியில் அழுக்குநீர் தேங்கியதேயன்றிப் பிறிதொரு பயனும் விளையவில்லை.

நகரின் மேற்கே மற்றொரு புதுமையும் உண்டு. ஆற்றின் தென்கிளையிலிருந்து சில மைல் தொலைவிலே டெஸ் பிளெயின்ஸ் என்னும் வேறோர் ஆறு ஓடுகின்றது. அஃது ஏரியை நாடாது, தென்மேற்காகச் சென்று இலினோய் ஆற்றோடு கூடி, முடிவில் மிசிசிப்பிப் பேராற்றிற் கலக்கின்றது. இவ்விரு ஆறுகளையும் பிரித்து நின்றது கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு மேடே. அம்மேட்டின் கிழக்கே விழுந்த மழைத்துளி பேரேரிகள் வழியாக அத்திலாந்திக்குப் பெருங்கடலையும், மேற்கே விழுந்தது மிசிசிப்பி வழியாக மெக்சிக்கோ வளைகுடாவையும் சென்றடைந்தன. 1848ஆம் ஆண்டில் அம்மேட்டை ஊடறுத்து, 96 மைல் நீளமான இலினோய்–மிச்சிகன் கால்வாய் திறக்கப்பட்டது. அது படகுப் போக்குவரத்துக்கென வெட்டப்பட்டதாயினும், பின்னர் வேறொரு பணிக்கும் உரியதாயிற்று.

கால்வாயும் அதனை அடுத்து வந்த புகையிரதப் பாதைகளும் நகரை வியத்தகு விரைவில் வளர்த்தன. 1837இல் நகராகப் பிரகடனம் பெற்றபோது ஏறக்குறைய 4000 மக்களையே கொண்டிருந்த சிக்காகோ, 1850இல் ஏறக்குறைய 30,000 பேரையும், 1860இல் 1,10,000 பேருக்கு மேலாகவும் கொண்டு விளங்கியது. மக்கள் பெருகிய அளவிற்கு நோயும் பெருகிற்று. குடிகிணறுகளும் மலக்குழிகளும் அருகருகே இருந்தன; களிமண் நிலமாகையால் குழிகளிலுள்ளவை மழைக்காலத்திற் பொங்கி வழிந்தன. 1849 முதலாக வாந்திபேதி அடிக்கடி தோன்றி, 1854ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறக்குறைய 1400 பேரின் உயிரைக் கவர்ந்தது. அதன் பின்னரே நகரத்தார் விழித்தெழுந்தனர். 1855ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலினோய் மாநிலச் சட்டசபை கழிநீர் ஆணையாளர் சபையொன்றை நிறுவியது. நகரின் முதல் முதல்வராய் இருந்த வில்லியம் ஒக்டன் அவ்வாணையாளருள் ஒருவர். அச்சபை பொஸ்தன் நகரிலிருந்து செஸ்புரோவை அழைத்துத் தன் பொறியியலாளராக நியமித்தது.

செஸ்புரோ 1813இல் மேரிலாந்து மாநிலத்திற் பிறந்தவர். குடும்பத்தின் வறுமை காரணமாகச் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு நீங்கினார். பல்கலைக்கழகத்தின் வாயிலை அவர் மிதித்தாரல்லர். 15 வயதிற் புகையிரதப் பாதைக்கான நில அளவையிற் சங்கிலி பிடிக்கும் பணியாளாகச் சேர்ந்து, அளவையாளரோடு காடு மேடெல்லாம் திரிந்து, தொழிலைத் தொழில் செய்தே கற்றார். 1846இற் பொஸ்தன் நகருக்குக் கொச்சிற்றுவேற் ஏரியிலிருந்து நீர் கொணரும் வேலையின் ஒரு பிரிவுக்குத் தலைமைப் பொறியியலாளரானார். 1851இல் அந்நகரின் முதலாவது நகரப் பொறியியலாளராக நியமிக்கப்பட்டார். சிக்காகோவுக்கு வந்தபோது அவருக்கு வயது 42.

1855ஆம் ஆண்டு முடிவதற்குள் அவர் தமது திட்டத்தைச் சபைக்குச் சமர்ப்பித்தார். நகரின் கழிநீரை எங்கே விடுவது என்னும் வினாவுக்கு நான்கு விடைகளை அவர் அதிலே வரிசைப்படுத்தி ஆராய்ந்தார். முதலாவது, கழிநீரை ஆற்றில் விட்டு, ஆற்றின் வழியே ஏரியை அடையச் செய்வது. இரண்டாவது, ஆற்றைத் தவிர்த்து நேரே ஏரியில் விடுவது. மூன்றாவது, பெருந் தொட்டிகளிற் சேர்த்து, அங்கிருந்து இறைத்து வயல்களுக்கு எருவாகப் பயன்படுத்துவது. நான்காவது, ஆற்றில் விட்டு, அக்காலத்திற் பேசப்பட்ட பெரியதொரு கப்பற் கால்வாய் வழியாக மேற்கே இலினோய் ஆற்றுக்கு அனுப்புவது.

இந்நான்கின் நன்மை தீமைகளை எடுத்துக் காட்டிய பின்னர், செஸ்புரோ முதலாவதனையே தேர்ந்தார். நேரே ஏரியில் விடுவதாயின் நீண்ட குழாய்கள் பல வேண்டும். குளிர்காலப் பனிக்கட்டியும் புயலும் அவற்றின் வாயில்களைச் சிதைக்கும். குடிநீருக்கும் கேடு நேரலாம். எருவாக்கும் முறையில் இறைக்கும் செலவு மிகுதி; அதனை வாங்குவார் உளரோ என்பதும் ஐயம். மேற்கே அனுப்பும் நான்காவது முறையோ அந்நாளைய நகரின் பொருள் வலிமைக்கு எட்டாதது. எஞ்சிய முதலாவது வழியே செலவிற் குறைந்ததும் விரைவில் நிறைவேறக்கூடியதுமாகும். ஆறு நாற்றமெடுக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். ஏரியின் தூய நீரை ஆற்றினுட் பாய்ச்சி அதனைக் கழுவலாம் என்று அவ்வறிக்கையிலேயே அவர் யோசனை கூறினார்.

இம்முடிவை மதிப்பிடுவோர் அக்காலத்து மருத்துவ அறிவின் நிலையை மறத்தலாகாது. தீய நாற்றமே நோயைப் பரப்பும் என்பது அன்றைய பெரும்பாலாரின் கொள்கை. வாந்திபேதி குடிநீராற் பரவும் என இலண்டன் மருத்துவர் யோன் சினோ 1854இற் சான்று காட்டியிருந்தார். எனினும் அவர் கூற்றை ஏற்றோர் சிலரே. நெருப்புக்காய்ச்சலின் கிருமி 1880இலேயே கண்டறியப்பட்டது. ஆகவே, அழுக்குப் பெருநீரிற் கலந்து நீர்த்துவிட்டாற் கேடு நீங்கும் என்று 1855இல் ஒரு பொறியியலாளர் எண்ணியது இயல்பேயாம்.

திட்டத்தை ஏற்றல் எளிது, நிறைவேற்றல் அரிது. கழிநீர் தானே ஓடவேண்டுமாயின் வாய்க்காலுக்குச் சரிவு வேண்டும். நிலமோ ஆற்று நீரினும் சிறிதளவே உயர்ந்திருந்தது. நிலத்தைத் தோண்டிக் குழாய்களைப் புதைத்தால் அவை ஆற்றின் மட்டத்துக்குக் கீழே சென்றுவிடும். இச்சிக்கலுக்குச் செஸ்புரோ கண்ட வழி துணிவு மிக்கது. செங்கல் வாய்க்கால்களை ஏறத்தாழத் தரையின் மட்டத்திலேயே வீதிகளின் நடுவே கட்டுவது. பின்னர் ஆற்றை ஆழமாக்கும்போது கிடைக்கும் மண்ணைக் கொண்டு அவற்றின்மேல் வீதியை உயர்த்துவது. குழாயை நிலத்தின்கீழ் இறக்குவதற்குப் பதிலாக நிலத்தையே குழாயின் மேல் ஏற்றினார் எனலாம். மழைநீரும் வீட்டுக் கழிநீரும் ஒரே வாய்க்காலிற் செல்லுமாறு அது திட்டமிடப்பட்டது. அமெரிக்காவின் பெருநகரொன்றில் நகர் முழுவதையும் தழுவித் திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதலாவது கழிநீர் அமைப்பு இதுவே என்பர். வேலை தொடங்கிய காலத்தில் ஆணையாளர் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். இலண்டன், பாரிஸ், ஹம்பேர்க் முதலிய நகரங்களின் வடிகால்களை நேரிற் கண்டு திரும்பிய அவர், தாம் கண்டவற்றை 1858இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார்.

வீதிகள் பல அடி உயர்ந்ததும் வீதியோரத்துக் கட்டடங்கள் பள்ளத்திலே நின்றன. கீழ்த்தளத்துக் கடைகள் நிலவறைகள் போலாயின. கட்டடங்களையும் உயர்த்துவதன்றி வேறு வழியில்லை. மரவீடுகளை உயர்த்துதலும் உருளைகளின்மேல் வைத்து வேறிடத்துக்கு இழுத்துச் செல்லுதலும் அந்நாட்டிற் புதியனவல்ல. செங்கற் கட்டடத்தை உடையாது உயர்த்தலாமோ என்பதே ஐயம். 1858இன் தொடக்கத்தில், ஏறக்குறைய 750 தொன் நிறையுடைய நான்கு மாடிச் செங்கற் கட்டடமொன்று 200 திருகுயர்த்திகளின் உதவியால் 6 அடிக்கு மேல் உயர்த்தப்பட்டது. சுவரிற் கீறலும் விழவில்லை. திருகுயர்த்தி என்பது திருகாணியைச் சுற்றச் சுற்றப் பாரத்தை மயிரிழையளவாக மேலேற்றும் எளிய கருவியாகும்.

இவ்வேலைகளுட் சிறந்தது 1860இல் லேக் வீதியில் நிகழ்ந்தது. 320 அடி நீளமான வரிசையொன்றில் நின்ற கடைகள் முழுவதையும் ஒன்றாக உயர்த்தினர். அவற்றின் நிறை ஏறக்குறைய 35,000 தொன் எனக் கணக்கிடப்பட்டது. 6000 திருகுயர்த்திகள் அடியில் நிறுத்தப்பட்டன. 600 பேர், ஆளுக்குப் பத்தாக, ஒரே குறியீட்டுக்கு இணங்கி அவற்றைச் சிறிது சிறிதாகத் திருகினர். ஐந்து நாட்களில் அவ்வரிசை 4 அடி 8 அங்குலம் உயர்ந்தது. கடைகளில் வியாபாரம் தடையின்றி நடந்தது. பிற்காலத்திற் புகையிரத உறக்கப் பெட்டிகளாற் புகழ்பெற்ற யோர்ஜ் புல்மன் இத்தொழிலிலேயே முதன்முதற் பொருளீட்டினார்.

இவ்வருஞ்செயலின் மறுபக்கமும் நோக்கற்பாலது. வீதியை உயர்த்தும் செலவை நகரம் ஏற்றது. கட்டடத்தை உயர்த்தும் செலவை உடைமையாளரே ஏற்கவேண்டியிருந்தது. செல்வர் உடனே உயர்த்தினர், வசதியற்றோர் காலந்தாழ்த்தினர், சிலர் உயர்த்தவேயில்லை. அதனால், ஒரே வீதியின் நடைபாதை ஓரிடத்தில் உயர்ந்தும் அடுத்த இடத்திற் தாழ்ந்தும் கிடந்தது. நடப்போர் பல ஆண்டுகள் படியேறியும் படியிறங்கியும் சென்றனர். வீதி எவ்வளவு உயரவேண்டும் என்பது பற்றி நகரசபையில் நீண்ட வாதங்கள் நிகழ்ந்தன. பொறியியலாளர் கேட்ட உயரத்துக்கும் வரியிறுப்போர் தர இசைந்த உயரத்துக்கும் இடையிலேதான் சிக்காகோவின் தரைமட்டம் அமைந்தது.

வீதிகள் உலர்ந்தன, மலக்குழிகள் குறைந்தன, நகரின் சுகநிலை முன்னேறிற்று. ஆயின், வீதிகளினின்றும் நீங்கிய அழுக்கு அனைத்தும் ஆற்றிலே சேர்ந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்திற் சிக்காகோ இறைச்சித் தொழிலின் தலைநகராயிற்று. 1865ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று பெருங் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. அறுப்புக்கூடங்களின் குருதியும் குடலும் தென்கிளையில் விழுந்தன. செஸ்புரோ 1855இல் எதிர்பார்த்த நகரம் வேறு. பத்தாண்டுகளில் உருவாகிய நகரம் வேறு. ஆறு கருநிறமடைந்து, ஏரிக்குட் சென்று பரந்தது. கரையிலிருந்து ஏறக்குறைய 600 அடி தொலைவிலேயே குடிநீர் எடுக்கும் வாயில் இருந்தது. காற்றுத் தெற்கிலிருந்து வீசும்போது ஆற்றுநீர் அவ்வாயிலை எட்டிற்று. குழாய்களில் நாற்றமும், சிலவேளைகளிற் சிறுமீன்களும் வந்தன.

1861இற் பொதுவேலைச் சபையின் தலைமைப் பொறியியலாளரான செஸ்புரோவே இதற்கும் பரிகாரம் தேடவேண்டியவரானார். வாயிலைக் கரையிலிருந்து இரண்டு மைல் தொலைவுக்கு நகர்த்துவது என அவர் முடிவு செய்தார். ஏரியின் மேல் அத்துணை நீளமான குழாயை அமைத்தாற் பனிக்கட்டியும் அலையும் அதனை உடைத்துவிடும். ஆகவே, ஏரித்தரையின் கீழே களிமண்ணைக் குடைந்து 5 அடி விட்டமுள்ள சுரங்கவழியைச் செங்கல்லாற் கட்டத் திட்டமிட்டார். 1864ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வேலை தொடங்கிற்று. ஐங்கோண வடிவமும் 40 அடி உயரமும் கொண்ட மரக்கூடு ஒன்றைக் கரையிற் கட்டி, 1865இல் ஏரியில் மிதக்கவிட்டு, இரண்டு மைல் தொலைவில் அமிழ்த்திக் கல்லிட்டு நிறுத்தினர். கரையிலிருந்து ஒரு குழுவினரும் கூட்டிலிருந்து மற்றொரு குழுவினருமாக இரு முனைகளிலும் குடைந்தனர். சுமார் 60 அடிக்குக் கீழே, ஒருவரையொருவர் காணாது, அளவைக் கருவிகளையே நம்பிக் குடைந்த அவர்கள் 1866ஆம் ஆண்டின் இறுதியில் நடுவே சந்தித்தபோது, இரு பகுதிகளுக்குமிடையே இருந்த விலகல் சில அங்குலமே. பள்ளியை நடுவில் விட்டுச் சங்கிலி பிடிக்கச் சென்ற சிறுவனின் தொழிற்றிறன் அவ்வங்குலங்களிற் புலனாகின்றது.

1867ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் புதிய நீர் நகருக்கு வந்தது. அதனோடு சேர்த்துக் கட்டப்பட்ட கல்லாலான நீர்க்கோபுரம் 1869இல் நிறைவுற்றது. 1871ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி மூண்ட பெருந்தீயில் நீரேற்று நிலையத்தின் கூரை எரிந்து வீழ, பொறிகள் நின்றன. நகர் எரியும் வேளையிற் குழாய்களில் நீர் அற்றது. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். 1,00,000 பேர் வீடிழந்தனர். கோபுரம் தப்பி நின்றது. அஃது இன்றும் நிற்கின்றது. சுற்றியிருந்த மரக் கட்டடங்களைப் பற்றி நகரம் கவலை கொள்ளாதிருந்த வரையில், நீர் வழங்கும் அமைப்பு எத்துணைச் சிறந்ததாயினும் பயனற்றுப் போகும் என்பதை அத்தீ உணர்த்திற்று.

இரண்டு மைல் தொலைவும் போதாதென்பது விரைவிலேயே தெரிந்தது. பெருமழைக் காலங்களில் ஆறு பெருக்கெடுத்து, அதன் அழுக்கு மரக்கூடு வரை சென்றது. ஆகவே, 1855இற் செலவு மிகுதியெனத் தாமே ஒதுக்கிய நான்காவது வழியைச் செஸ்புரோ மீண்டும் கையிலெடுத்தார். படகுக் கால்வாயின் உச்சிப் பகுதியை ஆழமாக வெட்டி, ஏரியின் மட்டத்துக்குக் கீழே கொண்டுவந்தால், ஏரி நீர் ஆற்றினுட் புகுந்து, ஆறு தன் திசை மாறி மேற்கே ஓடும். 1865இல் இதற்கு அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய 30 இலட்சம் டொலர் செலவில், பாறையும் களிமண்ணும் அகழப்பட்டு, 1871ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வேலை நிறைவுற்றது. அணை திறக்கப்பட்டதும் ஏரி நீர் ஆற்றினுட் பாய்ந்தது. கருநீர் மெல்ல மேற்கே நகர்ந்தது. நகரம் அதனைக் கொண்டாடி மூன்று மாதம் நிறைவதற்குள் பெருந்தீ நேர்ந்தது. தீக்குப் பின்னர் மாநிலம் கால்வாய்ச் செலவை நகருக்குத் திருப்பிக் கொடுத்து, அதனையே ஒரு நிவாரணமாக்கிற்று.

திசை மாறிய ஆறு தன் புதிய திசையிலே நிலைத்து நிற்கவில்லை. ஏரியின் மட்டம் தாழ்ந்த ஆண்டுகளில் ஓட்டம் குன்றியது. பெருமழையில் ஆறு பழையபடி ஏரியை நோக்கிப் பாய்ந்தது. நகரின் சனத்தொகையோ 1880இல் ஐந்து இலட்சத்தையும் 1890இற் பத்து இலட்சத்தையும் கடந்தது. செஸ்புரோ 1879இற் பதவியினின்றும் விலகி, 1886இற் காலமானார்.

அவர் இறப்பதற்கு முந்திய ஆண்டிலே, 1885ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் பெய்த பெருமழை ஆற்றின் அழுக்கை ஏரிக்குட் தள்ளிற்று. அதன் விளைவாக 90,000 பேர் வாந்திபேதியாலும் நெருப்புக்காய்ச்சலாலும் மாண்டனர் என்று பல நூல்கள் எழுதிவந்தன. வரலாறு பயில்வோர் இத்தகைய எண்களை ஆராயாது ஏற்றலாகாது. நகரின் எட்டிலொரு பங்கினர் ஒரே ஆண்டில் இறந்திருந்தால் அவ்வாண்டின் இறப்புப் பதிவுகளும் செய்தித்தாள்களும் அதனைக் காட்டியிருக்கும். அவை அத்தகைய அழிவு எதனையும் காட்டவில்லை. அக்கதை பிற்காலத்துப் புனைவு. உண்மையான கேடு அவ்வளவு பரபரப்பின்றி வந்தது. நெருப்புக்காய்ச்சல் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோரைக் கொன்று, 1891ஆம் ஆண்டில் ஏறக்குறைய 2000 பேரைப் பலிகொண்டது. குடிநீரும் கழிநீரும் ஒரே ஏரியிற் கூடியதன் விலை அதுவேயாம்.

1889இல் மாநிலம் தனியொரு சுகாதார வட்டாரத்தை நிறுவியது. 1892இல் தொடங்கிய வேலை, 28 மைல் நீளமான பெருங்கால்வாயாக 1900ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி திறக்கப்பட்டது. நகரினின்றும் மேற்கே செல்லும் பெருங்கால்வாய் என 1855இற் செஸ்புரோ எழுதிவைத்த நான்காவது விடை 45 ஆண்டுகளின் பின்னர் முழுவுருப் பெற்றது. திறப்புவிழா ஆரவாரமின்றி விரைந்து நடந்தது. கீழ்நிலத்தார் நீதிமன்றத் தடை பெற்றுவிடுவர் என்ற அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சம் காரணமற்றதன்று. மிசிசிப்பிக் கரையிலுள்ள செயின்ற் லூயிஸ் நகரம் அந்நீரையே குடித்தது. மிசூரி மாநிலம் அம்மாதத்திலேயே அதியுயர் நீதிமன்றத்தில் இலினோய்க்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 1906இல் நீதியரசர் ஹோம்ஸ் தீர்ப்பளித்தார். நோய் சிக்காகோவிலிருந்தே வந்தது என்பது எண்பிக்கப்படவில்லை என்றும், மிசூரியின் நகரங்களும் அவ்வாற்றிலேயே தம் கழிவை விடுகின்றன என்றும் சுட்டி, வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது.

சிக்காகோவின் நெருப்புக்காய்ச்சல் பெருங்கால்வாயினாற் குறைந்தது. குடிநீருக்குக் குளோரீன் இடும் முறை 1910ஐ அடுத்த ஆண்டுகளிற் பரவிய பின்னரே முற்றாக அடங்கிற்று. பேரேரிகளின் நீர் குறைகின்றது என ஏனைய மாநிலங்கள் தொடுத்த வழக்கில், மேற்கே திருப்பும் நீரைக் குறைக்குமாறு 1930இல் அதியுயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. கழுவித் தள்ள நீர் இல்லையெனின் கழிவைச் சுத்திகரித்தல் வேண்டும். ஆதலாற் பெருஞ் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. மழைநீரையும் கழிநீரையும் ஒரே வாய்க்காலில் விட்ட 1855ஆம் ஆண்டு முடிவின் விளைவு இன்றும் தீரவில்லை. பெருமழையில் அவ்வாய்க்கால்கள் நிரம்பி வழிவதைத் தடுக்க 1972இல் ஆழ்சுரங்கத் திட்டம் ஒன்று ஏற்கப்பட்டு, 109 மைல் நீளமான சுரங்கவழிகள் 2006இல் நிறைவுபெற்றன. அவற்றோடு இணைந்த நீர்த்தேக்க வேலைகள் அதன் பின்னரும் தொடர்ந்தன.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஓர் ஒழுங்கு புலப்படும். வீட்டின் அழுக்கு வீதிக்கும், வீதியினது ஆற்றுக்கும், ஆற்றினது ஏரிக்கும், ஏரியினின்றும் தவிர்க்கப்பட்டது அயல்மாநிலத்தின் ஆற்றுக்குமாக நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் நகரத்தார் நன்மை பெற்றனர். ஒவ்வொரு முறையும் அவருக்கு அப்பால் வாழ்ந்த ஒருவர் அந்நன்மைக்கு விலை கொடுத்தார். அழுக்கு அழிந்தது சுத்திகரிப்புத் தொடங்கிய பின்னரேயாம். அதுவரையில் நிகழ்ந்தவை யாவும் இடமாற்றமே.

இதற்குச் செஸ்புரோவைப் பொறுப்பாளியாக்கலாமா? ஓரளவுக்கு ஆக்கலாம். ஏரிக்குக் கேடு நேரலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். இரண்டாவது வழியை அவர் மறுத்த காரணங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் அதே ஏரியில் முடியும் முதலாவது வழியைத் தேர்ந்தார். ஆறு இடையில் இருப்பதால் அழுக்கு நீர்த்துவிடும் என நம்பினார், அந்நம்பிக்கை பொய்த்தது. நகரின் வளர்ச்சியையும் அறுப்புக்கூடங்களின் பெருக்கத்தையும் அவர் போதிய அளவு மதிப்பிட்டாரல்லர்.

எனினும், அவர்பாலுள்ள மூன்று சிறப்புக்கள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, தாம் தேர்ந்ததனை மாத்திரம் கூறி ஏனையவற்றை மறைத்தாரல்லர். நான்கு வழிகளையும் ஒரே அறிக்கையில் எழுதிவைத்தமையால், முதலாவது தவறியபோது நான்காவது எங்கே கிடக்கின்றது என்பதை நகரம் அறிந்திருந்தது. இரண்டாவது, தமது திட்டத்தின் குறை வெளிப்பட்டபோது பதவியை விட்டோடாமலும், குறையே இல்லையெனச் சாதியாமலும், அதனைத் திருத்தும் வேலையையும் தாமே ஏற்றார். ஏரிச் சுரங்கமும் ஆழக் கால்வாயும் அவர் தம்முடைய முதல் திட்டத்துக்கு எழுதிய திருத்தங்களேயாம். மூன்றாவது, கற்றதைப் பிறர்க்கும் உதவினார். 1875இற் பொஸ்தன் நகரம் தன் கழிநீரை ஆராய நியமித்த மூவர் குழுவில் அவரும் ஒருவர். கரையோரத்திற் கழிநீரை விடாது, குறுக்கு வாய்க்கால்களால் அதனை இடைமறித்துச் சேர்த்து, துறைமுகத் தீவொன்றுக்குக் கொண்டுசென்று, வற்றுப்பெருக்கோடு கடலில் விடவேண்டும் என்பதே அக்குழுவின் பரிந்துரை. அருகிலுள்ள நீரில் விட்டால் அது திரும்பி வரும் என்பதைச் சிக்காகோவிற் கண்டவரின் அனுபவம் அதிற் காணப்படுகின்றது.

மேலும், நகரப் பொறியியலாளர் தாம் விரும்பியதைக் கட்டும் அரசரல்லர். அவர் கணக்கிடுவார், ஆணையாளர் தீர்மானிப்பர், வரியிறுப்போர் செலுத்துவர், வாக்காளர் மாற்றுவர். 1855இற் சிக்காகோ மக்கள் ஏறக்குறைய 80,000 பேரே. 1900ஆம் ஆண்டின் கால்வாயை அவர்களிடம் கேட்டிருந்தால் யாதும் கட்டப்பட்டிராது. வாந்திபேதி அடுத்த கோடையிலும் வந்திருக்கும். அன்று கொடுக்கக்கூடிய பணத்துக்கு அன்று கட்டக்கூடியதைக் கட்டி, எஞ்சியதை எழுத்தில் வைத்துச் செல்லுதலே அப்பதவியின் இயல்பாகும். குறைபாடுள்ள வாய்க்கால் ஒன்றுமில்லாத சேற்றிலும் மேலானது என்பதை 1854ஆம் ஆண்டின் புதைகுழிகளைக் கண்ட தலைமுறை நன்குணர்ந்திருந்தது.

பொதுப்பணிகளின் வரலாறு இவ்வாறே அமைகின்றது. ஒரு தலைமுறையின் பரிகாரம் அடுத்த தலைமுறையின் பிரச்சினையாகின்றது. அதனை முற்றாகத் தவிர்த்த பொறியியலாளர் எந்நகரிலும் தோன்றியதில்லை. எந்த வழிகள் ஆராயப்பட்டன, எவை ஏன் ஒதுக்கப்பட்டன, அழுக்கு எவர் வாயிலுக்குச் செல்கின்றது என்பவற்றை மறைக்காது எழுதிவைத்தவரும் எழுதிவையாதவரும் என இருவகையினரே உளர். செஸ்புரோ முதல் வகையினர். அவர் கட்டிய செங்கல் வாய்க்கால்களுட் பல மாற்றப்பட்டுவிட்டன. 1855ஆம் ஆண்டின் அவ்வறிக்கையோ, பின்வந்த பொறியியலாளர் பலராலும் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கப்படும் ஏடாக நிலைபெற்றுள்ளது.